மாதிரி

மங்காஃப் கடையில் ஒன்பதாம் வரிசை.
சவர பிளேடு, நான்கு கொண்ட பாக்கெட்,
இரண்டு தினார் எழுநூற்றைம்பது ஃபில்ஸ்.
அட்டை கிடைத்தது, அலமாரிக்குப் பின்னால்.
பிளேடு கிடைக்கவில்லை,
சட்டையிலும் இல்லை, சாப்பாட்டுப் பையிலும் இல்லை.
அந்த வரிசைக் கேமரா பழுதாகி ஒரு வாரம்.
மிச்சம் இருந்தது மாசானம்தான்:
அரிசி மூட்டைகளுக்கு இந்தப் பக்கம்
தூணோரம் நின்ற காவலாளி,
வழக்கின் ஒரே சாட்சி.

கீழ்க் கோர்ட்டில் அவன் தமிழில்தான் சொன்னான்:
"எடுத்துப் பையில போட்ட மாதிரி இருந்துச்சு."
மொழிபெயர்ப்பாளருக்கு அன்று பதினோரு வழக்கு.
அரபியில் அது
எடுத்தான், போட்டான் என்று போய் இறங்கியது.
'மாதிரி' மட்டும்
யாரும் எடுக்காத பெட்டியாய்
விமான நிலையப் பட்டையில்
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அது தவறியது தெரிந்தவர்கள்
அந்த அறையில் இரண்டு பேர்.
அவன் வாயைத் திறக்கவில்லை.
என் முறை வரவே இல்லை.

அபராதம். அதன்பின் நாடு கடத்தல்.
மேல்முறையீட்டுக்கு இருபது நாள்.

வக்கீல் நூரா என் சீருடையை
மேசைமேல் விரித்துப் பார்த்தார்.
வலப் பை மூடியிருந்தது.
ஸ்க்ரூடிரைவர் கிழித்த கிழிசலை
வாயோடு சேர்த்து நானே தைத்தது,
கறுப்பு நூல், கோணல் தையல்.
"போலீசில் வலது பை என்றான்,
கோர்ட்டில் தோள் பை என்றான்,
இதைப் பிடித்துக்கொள்ளலாம்" என்று
குமாஸ்தா இஷ்தியாக் இந்தியில் சொன்னார்.
பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"அவனைப் பற்றி
உனக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது?"

இருந்தது.

எட்டு மாதம் ஒரே நிறுத்தத்தில் நின்றோம்,
விடியுமுன், ஐந்தே காலுக்கு.
பாலத்தடியில் பஸ் திரும்பும்போதே
நெற்றியைச் சுருக்குவான்.
"சந்தியாகண்ணே, வர்றது என்ன நம்பரு?"
சொல்வேன்.
ஒருநாள் நான் வரத் தாமதமாக
தண்ணி லாரிக்குக் கை காட்டி நின்றிருக்கிறான்.
அவனே சொல்லிச் சிரித்தான், நானும் சிரித்தேன்.
அந்தக் கண்தான்
மூட்டை இடுக்கு வழியாக
என் விரலைப் பார்த்திருக்கிறது.

ஏன் சொன்னான் என்பதும் தெரியும்.
மாதத்துக்கு இரண்டு பேரையாவது பிடித்துக் காட்டணும்.
அன்று இருபத்தெட்டாம் தேதி.
கண் தெரியாத காவலாளியை
எந்தக் கடை வைத்துக்கொள்ளும்?

இரண்டு ராத்திரி
மேல்கட்டிலின் பலகையை எண்ணிக் கிடந்தேன்.
ஏழு பலகை.
மூன்றாம் நாள் போய் எல்லாம் சொன்னேன்,
தண்ணி லாரி உட்பட.
தண்ணி லாரியை விட்டிருக்கலாம்.

மேல்முறையீட்டில் நூரா அதிகம் பேசவில்லை.
தையலைக் காட்டினார், இரண்டு வாக்குமூலத்தைக் காட்டினார்.
கடைசியாக ஒரே கேள்வி:
"எதிர்ச் சுவரில் மணி என்ன?"

மாசானம் கடிகாரத்தைப் பார்த்தான்.
கண்ணை இடுக்கினான்.
பிறகு திரும்பி
என்னைப் பார்த்தான், பழக்க தோஷம்.
நான் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"பத்து... பத்தரை மாதிரி" என்றான்.
இந்த மொழிபெயர்ப்பாளர் கவனக்காரர்,
மாதிரியையும் விடாமல் அரபியில் வைத்தார்.
மணி பன்னிரண்டு ஐந்து.
யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள்.

தீர்ப்பு அடுத்த மாதம் என்றார்கள்.

வெளியே வெயில்.
நிறுத்தத்தின் கூரைக்கு ஒரு ஆள் அகலமே நிழல்,
அதில் இரண்டு பேர், தோள் படாமல்.
தூரத்தில் ஒன்று திரும்பியது.
அவன் நெற்றி சுருங்கியது.
கேட்கவில்லை.

"நூத்தி ரெண்டு" என்றேன்,
எதிர்க் கட்டடத்தைப் பார்த்து.

ஏறிக்கொண்டான்.
எனக்கும் அதே பஸ்தான்.
அடுத்ததற்கு நின்றேன்.